பரங்கிக்காயும் 132 டன் காந்தமும்: எம்.ஆர்.ஐ. பொறியியலுக்கு ஓர் அறிமுகம்

பாரிஸ் நகருக்குத் தென்மேற்கே, சாக்லே பீடபூமியில், நியூரோஸ்பின் என்றோர் ஆய்வகம் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டின் அணுசக்தி ஆணையமான சி.இ.ஏ. நடத்தும் அந்த ஆய்வகத்தில்தான் இசோல்ட் என்று பெயரிடப்பட்ட எம்.ஆர்.ஐ. கருவி நிற்கிறது. 11.7 டெஸ்லா வலிமையுள்ள அதன் காந்தத்தை விஞ்சிய ஒன்றில் இன்னும் எந்த மனிதத் தலையும் படமெடுக்கப்பட்டதில்லை. ஆனால் 2021-இல் அதற்குள் முதலில் வைத்துப் படமெடுக்கப்பட்டது ஒரு பரங்கிக்காய்.

அது விளையாட்டுக்குச் செய்ததன்று. பரங்கிக்காயில் நீர் மிகுதி. சதையும் நாரும் விதையும் வெவ்வேறு நுண்ணமைப்போடு அடுத்தடுத்து இருப்பதால், கருவியின் கூர்மையைச் சோதிக்க அது ஏற்ற பொருள். தவிரவும் அது மூச்சு விடாது, அசையாது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டிய தேவையும் அதற்கில்லை. அந்தப் படத்தில் 0.4 மில்லிமீட்டர் அளவுள்ள நுணுக்கங்கள் தெரிந்தன. பிறகு, உரிய அனுமதிகளைப் பெற்று, உடல்நலமுள்ள 20 தன்னார்வலர்களின் மூளைகளைப் படமெடுத்து, 2024 ஏப்ரலில் வெளியிட்டார்கள். படத்தின் தளத்தில் 0.2 மி.மீ., தடிமனில் 1 மி.மீ. என்ற நுணுக்கத்தில் அமைந்த அந்தப் படங்களுக்கு ஆன நேரம் 4 நிமிடம். மருத்துவமனைகளில் உள்ள வழக்கமான கருவியில் அதே தரத்தை எட்டுவதற்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது ஆய்வகத்தாரின் கணிப்பு. 2 மணி நேரம் தலையை இம்மியும் அசைக்காமல் படுத்திருக்க எவராலும் இயலாது. ஆகவே, வழக்கமான கருவியில் அப்படி ஒரு படம் கிடைக்கவே கிடைக்காது என்றுதான் கொள்ள வேண்டும்.

அந்த 4 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், எம்.ஆர்.ஐ. பொறியியலின் பெரும்பகுதி விளங்கிவிடும். காந்தத்தைப் பெரிதாக்கினார்கள், வேலை முடிந்தது என்று அதைச் சுருக்கிவிட முடியாது. காந்தத்தைப் பெரிதாக்கியதால் புதிதாக முளைத்த தொல்லைகளைத் தீர்ப்பதற்கே ஆண்டுகள் பல பிடித்தன.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். நம் உடலில் நீர் இருக்கிறது. நீர் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. ஹைட்ரஜனின் அணுக்கரு என்பது ஒற்றைப் புரோட்டான். புரோட்டான் ஒவ்வொன்றும் மிகச் சிறிய காந்தம்போல நடந்துகொள்ளும். வெளியே காந்தப்புலம் இல்லாதபோது அவை தத்தம் போக்கில் எல்லாத் திசைகளையும் நோக்கி இருப்பதால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. வலிமையான காந்தப்புலத்தில் வைத்தால் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. புலத்தின் திசையில் நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றைவிடச் சற்றே கூடுகின்றன. அத்துடன், அவை புலத்தின் வலிமைக்கு ஏற்ற ஒரு குறிப்பிட்ட வேகத்தில், தள்ளாடும் பம்பரத்தின் தலை சுற்றுவதுபோல் சுற்றுகின்றன. 1 டெஸ்லா புலத்தில் அந்த வேகம் நொடிக்கு 4.258 கோடி சுற்று, அதாவது 42.58 மெகாஹெர்ட்ஸ். புலம் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும்.

சுருதி கூட்டிய தம்புராவின் அருகே அதே சுருதியில் ஒருவர் பாடினால் தந்தி தானாக அதிரும். சுருதி பிசகினால் அதிராது. புரோட்டான்களும் அப்படித்தான். அவை சுற்றும் அதே அதிர்வெண்ணில் ஒரு ரேடியோ அலையைச் செலுத்தினால் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு சாய்கின்றன. அலையை நிறுத்தியதும், வாங்கியதைச் சிறிது சிறிதாக விட்டு, பழைய நிலைக்கு மீள்கின்றன. மீளும்போது அவை எழுப்பும் மெல்லிய ரேடியோ சைகையைத் தலையைச் சுற்றி வைத்துள்ள ஆன்டெனாச் சுருள்கள் பிடிக்கின்றன. ஸ்கேன் மையங்களில் 'காயில்' என்று சொல்லி முகத்தின்மேல் கூண்டுபோல் மாட்டிவிடுவது இதைத்தான். மீள்வதற்கு ஆகும் நேரம் மூளையின் சாம்பல் பகுதிக்கு ஓர் அளவு, வெள்ளைப் பகுதிக்கு வேறோர் அளவு, கட்டிக்கு இன்னோர் அளவு என்று வேறுபடுவதால்தான் படத்தில் அவை வெவ்வேறு சாயலில் தெரிகின்றன. இந்த ஒத்ததிர்வை 1946-இல் ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செலும் தனித்தனியே கண்டறிந்து, 1952-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்போது அது வேதியியலாரின் கருவி; அதில் மனிதரைப் படுக்கவைக்கும் எண்ணம் யாருக்கும் எழவில்லை.

'சற்றே கூடுகின்றன' என்று மேலே சொன்னேன். எவ்வளவு சற்று என்பதில்தான் எம்.ஆர்.ஐ.யின் முழுக் கவலையும் அடங்கியிருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் உள்ள 3 டெஸ்லா கருவியில், உடலின் வெப்பநிலையில், ஒரு லட்சம் புரோட்டான்களை எடுத்துக்கொண்டால் இரு திசைக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒன்றுதான். மற்றவை எல்லாம் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரு கன மில்லிமீட்டர் நீரில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை 67-க்குப் பின்னால் 18 சுழியங்கள் இட்ட எண் என்பதால்தான், லட்சத்தில் ஒன்று என்ற வேறுபாடும் பிடிபடும் அளவுக்குச் சேர்கிறது. அப்படியும் அது இரைச்சலைச் சற்றே மீறிய முணுமுணுப்புதான். எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் கதிரின் அளவைக் கூட்டிப் படத்தைத் தெளிவாக்கிக்கொள்ள முடியும். எம்.ஆர்.ஐ.க்கு அந்த வழி இல்லை. உடலே எவ்வளவு பேசுகிறதோ அவ்வளவுதான் கேட்க முடியும்.

இப்போது இசோல்ட்டின் படப்புள்ளியைக் கணக்கிடுவோம். வழக்கமான நல்ல மூளைப் படத்தில் ஒரு புள்ளி என்பது பக்கத்துக்கு 1 மி.மீ. உள்ள கனசதுரம், கொள்ளளவு 1 கன மில்லிமீட்டர். இசோல்ட்டின் புள்ளியோ 0.2 × 0.2 × 1, அதாவது 0.04 கன மில்லிமீட்டர். புள்ளி 25 மடங்கு சிறுத்துவிட்டதால் அதிலிருந்து வரும் சைகையும் 25 மடங்கு குறைந்துவிடும். ஈடுசெய்ய ஒரு பழைய வழி உண்டு: திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுப்பது. ஆனால் தெளிவை இரட்டிக்க வேண்டுமானால் நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். ஐந்து மடங்காக்க வேண்டுமானால் நேரம் இருபத்தைந்து மடங்கு. காலத்தைக் கொடுத்து நுணுக்கத்தை வாங்குவது எப்போதும் நட்டமான வியாபாரம்.

காந்தம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. புலம் 3 டெஸ்லாவிலிருந்து 11.7 டெஸ்லாவாக உயர்ந்தால் சைகையின் தெளிவு குறைந்தது 3.9 மடங்கு கூடும். 3.9 மடங்கு தெளிவைக் காலத்தால் வாங்க வேண்டுமானால் அதன் வர்க்கம், ஏறத்தாழ 15 மடங்கு நேரம் ஆகும். 4 நிமிட வேலை ஒரு மணி நேரமாகிவிடும். மிக உயர்ந்த புலங்களில் தெளிவு இந்த நேர்விகிதத்தைவிடவும் வேகமாக ஏறுகிறது என்பதால், ஆய்வகத்தார் சொல்லும் 2 மணி நேரக் கணக்கு மிகையாகத் தோன்றவில்லை.

நுணுக்கத்துக்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்று கேட்கலாம். மூளையின் மேற்பரப்பில் மடிந்து கிடக்கும் புறணி 2 முதல் 4 மி.மீ. தடிமன் மட்டுமே உடையது. அதன் பெரும்பகுதியில் ஆறு அடுக்குகள் உண்டு. வெளியிலிருந்து செய்தியை வாங்கும் அடுக்கு வேறு, செய்தியை அனுப்பும் அடுக்கு வேறு. 1 மி.மீ. புள்ளியால் பார்த்தால் அந்த அடுக்குகள் எல்லாம் கலந்து ஒரே கூழாகத் தெரியும். 1990-இல் செய்ஜி ஒகாவா, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவுக்கு ஏற்ப எம்.ஆர்.ஐ. சைகை மாறுவதைக் காட்டினார். மூளை வேலை செய்யும்போதே அதைப் படமாக்கும் முறை அங்கிருந்து வளர்ந்தது. அந்த மாற்றமும் வலிமையான புலத்தில் கூடுதலாக வெளிப்படுவதால், ஆய்வாளர்களுக்குப் பெரிய காந்தத்தின்மேல் உள்ள ஆசை இரட்டிப்பாகிறது.

ஆசைப்படுவது எளிது, செய்வது கடினம். இசோல்ட்டின் காந்தம் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் விட்டம், 132 டன் எடை கொண்டது; நடுவில் மனிதர் நுழையும் துளையின் விட்டம் 90 சென்டிமீட்டர். உள்ளே 182 கிலோமீட்டர் நீளமுள்ள நியோபியம்-டைட்டானியம் கம்பி சுற்றப்பட்டுள்ளது. பிரான்ஸின் கிழக்கே பெல்ஃபோர் நகரில் செய்யப்பட்டு, 2017-இல் சாக்லே வந்து சேர்ந்து, 2019 ஜூலையில்தான் 11.7 டெஸ்லாவைத் தொட்டது. புவியின் காந்தப்புலத்தைப்போல் இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல்.

அந்தக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் 1,500 ஆம்பியர் அளவினது. செம்புக் கம்பியில் அவ்வளவு மின்னோட்டத்தைத் தொடர்ந்து ஓட்டினால் வெப்பத்தைச் சமாளிக்கவே ஒரு தொழிற்சாலை வேண்டியிருக்கும். நியோபியம்-டைட்டானியத்தைச் சுழிக்குக் கீழே 263 டிகிரி செல்சியஸ் அளவுக்கும் கீழே குளிர்வித்தால் அதன் மின்தடை முற்றிலும் மறைந்துவிடுகிறது. இந்த நிலைக்கு மீக்கடத்தம் என்று பெயர். மருத்துவமனைக் காந்தங்கள் பெரும்பாலும் இப்படித்தான், 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கும் திரவ ஹீலியத்தில் மூழ்கியபடி இயங்குகின்றன. ஒருமுறை மின்னோட்டத்தை ஏற்றிவிட்டு இணைப்பைத் துண்டித்தாலும், அது ஆண்டுக்கணக்கில் சுருளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் காந்தம் 'ஆன்' நிலையிலேயே இருப்பதற்கும், எந்நேரமும் இரும்புச் சாமான்களை உள்ளே விடாமல் கதவில் எச்சரிக்கை எழுதி வைத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆனால் மீக்கடத்திக்குப் பொறுமை குறைவு. வெப்பம் கூடினாலும், மின்னோட்டம் கூடினாலும், தான் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் கூடினாலும் அது சாதாரணக் கம்பியாக மாறிவிடும். அப்படி மாறும் கணத்தில் உள்ளே தேங்கிய ஆற்றல் முழுவதும் வெப்பமாகி, ஹீலியம் கொதித்து வெளியேறும். 4.2 கெல்வினில் வைத்த நியோபியம்-டைட்டானியம் 11.7 டெஸ்லாவைத் தாங்காது. அதைத் தாங்கவைக்க இன்னும் குளிர்விக்க வேண்டியிருந்தது: 1.8 கெல்வின் வரை. அந்த வெப்பநிலையில் ஹீலியம், மீப்பாய்மம் என்ற வியப்பான நிலையை அடைகிறது. அதில் பாகுத்தன்மை இல்லை, குமிழிவிட்டுக் கொதிப்பதும் இல்லை, வெப்பத்தை அசாதாரண வேகத்தில் கடத்திவிடும். இசோல்ட்டில் அத்தகைய ஹீலியம் 7,500 லிட்டர் இருக்கிறது. இந்த நுட்பம் மருத்துவத்திலிருந்து வந்ததன்று. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் உள்ள பெரிய துகள் முடுக்கியின் காந்தங்கள் 1.9 கெல்வினில் மீப்பாய்ம ஹீலியத்தால் குளிர்விக்கப்படுகின்றன. அந்தத் துறையில் காந்தங்களை வடிவமைத்துப் பழகிய சாக்லே பொறியாளர்களே மூளைக்காகவும் ஒன்றைச் செய்தார்கள்.

வலிமை மட்டும் போதாது, சீர்மையும் வேண்டும். தலை இருக்கும் பகுதி முழுவதும் புலத்தின் ஏற்றத்தாழ்வு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே நிற்க வேண்டும். 182 கிலோமீட்டர் கம்பியை இவ்வளவு துல்லியமாகச் சுற்றிய பிறகும், உள்ளே வரும் தலையே அதைக் கெடுத்துவிடும் என்பதுதான் வேடிக்கை: மூக்கின் பின்னுள்ள காற்றறைகளும் காதுத் துளைகளும் தம்மைச் சுற்றியுள்ள புலத்தை வளைத்துவிடுகின்றன. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனியாகச் சிறு திருத்தச் சுருள்களைக் கொண்டு புலத்தைச் சமன்செய்ய வேண்டியிருக்கிறது.

இனி, சைகை எந்த இடத்திலிருந்து வந்தது என்ற கேள்வி. எல்லாப் புரோட்டான்களும் ஒரே அதிர்வெண்ணில் பேசினால் யார் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. 1973-இல் பால் லாட்டர்பர், நீர் நிரப்பிய இரண்டு மெல்லிய குழாய்களை வைத்து இதற்கு விடை கண்டார். காந்தப்புலத்தை வேண்டுமென்றே ஒரு பக்கம் சற்றுக் கூட்டி மறுபக்கம் சற்றுக் குறைத்தால், இடத்துக்கு இடம் அதிர்வெண் மாறும். அதிர்வெண்ணைப் பிரித்துப் பார்த்தாலே இடம் தெரிந்துவிடும். சீர்மைக்காக அவ்வளவு பாடுபட்டுவிட்டு, பிறகு நாமே அதைக் கணக்காகக் கெடுப்பது என்று இதைச் சொல்லலாம். மின்னல் வேகத்தில் அளக்கும் முறையை வகுத்த பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் லாட்டர்பரும் 2003-இல் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்கள்.

இந்தச் சாய்வை உண்டாக்கும் சுருள்கள் காந்தத்தின் உள்துளையை ஒட்டி அமைந்திருக்கின்றன. சாதாரண மருத்துவமனைக் கருவியில் சாய்வின் அளவு மீட்டருக்கு 40 மில்லிடெஸ்லா என்று வைத்துக்கொண்டால், 1 மி.மீ. இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளின் அதிர்வெண்கள் 1,700 ஹெர்ட்ஸ் அளவுக்கு வேறுபடும். அந்தச் சாய்வைச் சுழியிலிருந்து முழு அளவுக்கு ஏற்ற நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். பல நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை, வலிமையான காந்தத்துக்கு நடுவில், இவ்வளவு வேகமாக ஏற்றி இறக்கினால் சுருள் ஒவ்வொரு தடவையும் உதறுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் நினைவுகூரும் அந்த 'டக டக' ஓசை இந்த உதறல்தான். காதுக்குப் பஞ்சு கொடுப்பது அதனால்தான். நரம்புநார்களின் போக்கைத் தேடும் ஆய்வாளர்களுக்கு இன்னும் செங்குத்தான சாய்வு வேண்டும். நீர் மூலக்கூறுகள் ஒரு நார்க்குழாய்க்குள் சில மைக்ரோமீட்டர் நகர்வதையும் கண்டுகொள்ள வேண்டியிருப்பதே காரணம். அதற்கென அமெரிக்காவின் பாஸ்டனில் மீட்டருக்கு 300 மில்லிடெஸ்லா சாய்வுடைய கருவி ஒன்று நிறுவப்பட்டது. அங்கே எல்லை வகுத்தது மின்பொறியியல் மட்டுமன்று: வேகமாக மாறும் புலம் உடலின் நரம்புகளைத் தூண்டிவிடும், படுத்திருப்பவரின் தசை தானாகத் துடிக்கும்.

மிக உயர்ந்த புலத்தின் உண்மையான தலைவலி வேறிடத்தில் இருக்கிறது. 1.5 டெஸ்லாவில் புரோட்டான்களின் அதிர்வெண் 64 மெகாஹெர்ட்ஸ். 3 டெஸ்லாவில் 128. பண்பலை வானொலி இந்த இரண்டுக்கும் நடுவே 88 முதல் 108 வரை பாடிக்கொண்டிருக்கிறது. ஸ்கேன் அறையின் சுவர், தளம், கூரை எல்லாவற்றிலும் செம்புத் தகடு போர்த்தி வெளி அலைகளைத் தடுப்பது, அந்த முணுமுணுப்புக்கு அருகில் வேறு எவரும் பேசிவிடக் கூடாது என்பதற்காகத்தான். 11.7 டெஸ்லாவில் அதிர்வெண் 500 மெகாஹெர்ட்ஸை நெருங்கிவிடுகிறது. அதிர்வெண் ஏறினால் அலைநீளம் குறையும். நீர் நிறைந்த மூளைக்குள் அது மேலும் சுருங்கும். 1.5 டெஸ்லாவில் மூளைக்குள் அலைநீளம் அரை மீட்டர் அளவு என்பதால், தலை முழுவதும் ஏறத்தாழ ஒரே அலையில் நனைகிறது. 11.7 டெஸ்லாவில் அலைநீளம் தலையின் அகலத்தைவிடக் குறைந்துவிடுவதால், பல பக்கங்களிலிருந்து வரும் அலைகள் ஓரிடத்தில் கூடுகின்றன, வேறோர் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. விளைவு: படத்தின் நடுவே பளிச்சென்று வெளிச்சம், பொட்டுப் பகுதிகளிலும் சிறுமூளைப் பக்கத்திலும் இருட்டு. இது நோயின் நிழலன்று, அலையின் நிழல். ஆனால் படத்தில் பார்த்தால் வேறுபாடு எளிதில் தெரியாது.

அலையின் ஆற்றலைக் கூட்டி இருட்டை விரட்டலாமே என்றால், உடல் சூடாகும். தலை உள்வாங்கும் ஆற்றலுக்குக் கிலோகிராமுக்கு 3.2 வாட் என்று பன்னாட்டு வரம்பு இருக்கிறது. ஆகவே, ஒரே ஆன்டெனாவுக்குப் பதிலாகத் தலையைச் சுற்றிப் பல ஆன்டெனாக்களை நிறுத்தி, ஒவ்வொன்றின் அலை எவ்வளவு வலிமையாக, எந்தக் கணத்தில் ஏறி இறங்க வேண்டும் என்பதைத் தனித்தனியே கட்டுப்படுத்தி, ஒன்று விட்டுவைத்த இருட்டை மற்றொன்று நிரப்பும்படி செய்கிறார்கள். கோயில் மண்டபத்தில் ஒரே ஒலிபெருக்கியை அலறவிடாமல், தூணுக்குத் தூண் சிறிய ஒலிபெருக்கிகளை வைத்துச் சீராக்குவதைப் போன்றது இது. இதிலும் ஒரு சங்கடம் இருந்தது: தலைக்குத் தலை வடிவம் மாறுவதால், ஒவ்வொருவருக்கும் புதிதாக அளந்து, புதிதாகக் கணக்கிட வேண்டும், படுத்திருப்பவரின் பொன்னான நிமிடங்கள் அதிலேயே கழியும். நியூரோஸ்பின் குழுவினர், பல தலைகளின் அளவுகளை முன்கூட்டியே சேர்த்து, அவை எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்தும் பொதுவான அலைவடிவங்களை வடித்து வைத்தார்கள். ஒவ்வொரு தலைக்கும் அது மிகச் சிறந்த விடையன்று. எந்தத் தலைக்கும் மோசமாகாத விடை. தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சட்டைக்கும் கடையில் வாங்கிய ஆயத்தச் சட்டைக்கும் உள்ள வேறுபாடுதான். என் பார்வையில், 132 டன் காந்தத்தைவிட, இந்த எளிய யோசனைக்கே அந்த 4 நிமிடம் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறது.

காந்தத்தை உயர்த்தாமலே நேரத்தைக் குறைத்த வழிகளும் உண்டு. அவைதாம் நம் ஊர் ஸ்கேன் மையங்கள்வரை வந்து சேர்ந்தவை. எம்.ஆர்.ஐ. ஒரு படத்தை நேரடியாக எடுப்பதில்லை. படத்தை உருவாக்கும் அலைக்கூறுகளை வரிவரியாக அளந்துகொண்டு, பிறகு ஃபூரியே மாற்றம் என்ற கணிதத்தால் படமாக்குகிறது. 256 வரிகள் வேண்டும், வரிக்கு அரை நொடி ஆகும் என்றால், 2 நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரு வரி விட்டு ஒரு வரி அளந்தால் நேரம் பாதியாகும். ஆனால் படம் மடித்த துணியைப்போல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். இடக்காதுப் பக்கமும் வலக்காதுப் பக்கமும் ஒரே புள்ளியில் கலந்துவிட்டன என்று கொள்வோம். இடக்காதருகே உள்ள ஆன்டெனாவுக்கு இடப்பக்கச் சைகை உரக்கவும் வலப்பக்கச் சைகை மெல்லவும் கேட்கும். மறுபக்க ஆன்டெனாவுக்கு நேர்மாறு. அறியாத எண்கள் இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு; பள்ளிக் கணக்குப்போலத் தீர்த்து மடிப்பைப் பிரித்துவிடலாம். 1999-இல் சூரிச் நகரில் கிளாஸ் ப்ரூஸ்மன் குழுவினர் இதை ஒழுங்கான முறையாக்கினார்கள். இன்றைய தலைக் காயில்களில் ஒன்றுக்குப் பதிலாக 32 சுருள்கள் அமைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2007-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் லஸ்டிக், டேவிட் டோனோஹோ, ஜான் பாலி ஆகியோர் மேலும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள்: வரிகளை ஒழுங்கின்றி, அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டுவிட்டு அளந்து, விடுபட்டதைக் கணிதத்தால் நிரப்பினார்கள். இது எப்படி இயலும் என்று ஐயுறுபவர்கள் பழைய ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளலாம். சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டியிருக்கமாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். அப்படியிருந்தும், தமிழ் கற்றவர் அதைப் படித்துவிடுவார். மொழிக்கு ஓர் ஒழுங்கு இருப்பதால், எழுதாமல் விட்டது எதுவாக இருக்க முடியும் என்று அவருக்குத் தெரிகிறது. உடலின் படங்களுக்கும் அத்தகைய ஒழுங்கு உண்டு. அவை கண்டபடி சிதறிய புள்ளிகளல்ல, பரப்புகளும் விளிம்புகளும் கொண்டவை. அந்த ஒழுங்கைத் துணையாகக் கொண்டால் குறைந்த அளவீடுகளே போதுமாகின்றன.

ஆனால் சுவடி படித்தவர்களுக்குப் பாடபேதத்தின் தொல்லையும் தெரிந்திருக்கும். படிப்பவர் தமக்குப் பழகிய சொல்லை அங்கே வைத்துவிடுவார். பாடியவர் சொன்னது வேறாக இருக்கலாம். இன்று விடுபட்டதை நிரப்பும் வேலை செயற்கை நுண்ணறிவிடம் போயிருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஃபேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவும் 2018-இல் தொடங்கிய ஃபாஸ்ட்எம்.ஆர்.ஐ. திட்டத்தில், முழங்கால் படங்களைக் கால்பங்கு அளவீடுகளிலிருந்தே கட்டியெழுப்பினார்கள். கதிரியல் மருத்துவர்களின் கண்ணுக்கு அவை முழு அளவீட்டுப் படங்களுக்கு ஈடாகவே தெரிந்தன. எனினும், அளவீட்டை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போனால், உடலில் இல்லாத இரத்தக் குழாயையோ மடிப்பையோ இந்த முறைகள் தாமாக வரைந்துவிடக்கூடும் என்பதும் தெரியவந்திருக்கிறது. மங்கலான படத்தை மருத்துவர் நம்பமாட்டார். அழகான பொய்யை நம்பிவிடுவார். இதனால், எவ்வளவு வேகம் என்பதைவிட, எங்கே நிரப்பியது ஐயத்துக்குரியது என்று கருவியே சொல்ல முடியுமா என்பதுதான் இப்போது பயனுள்ள கேள்வியாக எனக்குப் படுகிறது.

இதே கணிதம் எதிர்த்திசையிலும் ஒரு கதவைத் திறந்துவிட்டது. சைகை மெலிதாக இருந்தாலும் கணக்கிட்டு மீட்க முடியும் என்றால், அவ்வளவு பெரிய காந்தம் எல்லோருக்கும் எதற்கு? 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹைப்பர்ஃபைன் நிறுவனத்தின் கருவியின் புலம் 0.064 டெஸ்லா மட்டுமே. நிலைக்காந்தங்களால் ஆனது, ஹீலியம் வேண்டாம், சக்கரத்தில் உருட்டி நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோகலாம். நெதர்லாந்தின் லெய்டன் குழுவினர், சிறு சிறு நிலைக்காந்தங்களை வளையமாக அடுக்கிச் செய்யும் மலிவான கருவியை, உகாண்டாவின் ம்பராரா பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து அங்கேயே பூட்டி அமைத்தார்கள். குழந்தைகளின் மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க 0.2 மி.மீ. நுணுக்கம் தேவையில்லை. பெரிய காந்தங்களைப் பற்றி எழுதும்போது இவற்றை மறந்துவிடுவது வழக்கம் என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

மீண்டும் சாக்லேவுக்கு வருவோம். 20 தன்னார்வலர்களிடம் அவ்வளவு வலிமையான புலத்தால் தீங்கு ஏதும் காணப்படவில்லை என்று தெரிந்தபின், குழுவினரின் கவனம் நீரைத் தாண்டிச் செல்கிறது. அவர்களின் பட்டியலில் உள்ள ஒன்று லித்தியம். மனநிலை எல்லை மீறி ஏறியும் இறங்கியும் அலைக்கழிக்கும் இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவருகிறது; சிலருக்கு அது நன்றாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. மூளையின் எந்தப் பகுதியில் அது போய்ச் சேர்கிறது என்று தெரிந்தால் காரணம் பிடிபடலாம். லித்தியத்தின் அணுக்கருவும் காந்தத்தில் சுற்றும், 11.7 டெஸ்லாவில் அதன் அதிர்வெண் 194 மெகாஹெர்ட்ஸ் அளவு. ஆனால் சிகிச்சை பெறுபவரின் இரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு ஒரு மில்லிமோலுக்கும் கீழேதான் இருக்கும் (மோல் என்பது அணுக்களை எண்ணும் அலகு, மில்லிமோல் அதில் ஆயிரத்தில் ஒன்று). அதே லிட்டர் நீரில் புரோட்டான்கள் 110 மோல். லட்சம் மடங்குக்கும் மேல் குறைவான கூட்டம், அதிலும் தனித்தனியே இன்னும் மெல்லிய குரல். அந்தப் படத்தின் புள்ளிகள் மில்லிமீட்டரில் ஒரு பங்கு அளவுக்குச் சிறுக்கப் போவதில்லை. சென்டிமீட்டர் அளவிலான கட்டைகளாகத்தான் இருக்கும். 132 டன் காந்தமும் 1.8 கெல்வின் குளிரும் அந்தக் கட்டைகளைச் சற்றுச் சிறிதாக்கத்தான் இப்போது முயன்றுகொண்டிருக்கின்றன.